சண்டை வராத ஏழாம் வரிசை

பிப்ரவரி 4, செவ்வாய்

காலைக் கூட்டம் என்று வரச்சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தொடங்கியது.

கல்யாணச் சமையல் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று அரசுக்கு ஆலோசனை சொல்லும் துணைக்குழு, திருச்சிக்கு. கேட்டரிங் ஒப்பந்தக்காரர்கள் சங்கத்திலிருந்து தனபாலன், சமையல் தொழிலாளர் சங்கத்திலிருந்து மாஸ்டர் சிங்காரவேலு, எந்தப் பக்கமும் சேராத சுயேச்சை உறுப்பினராக நான். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள், இருவருக்கும் வேண்டியவளும் இல்லை, வேண்டாதவளும் இல்லை என்பதுதான் என் தகுதி. செயலர், தொழிலாளர் துறை அதிகாரி இருதயராஜ். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மேடம்" என்கிறார்.

அட்டவணையில் வேலைக்கு ஒன்றாக ஏழு வரிசை. முதல் வரிசை தலைமைச் சமையல்காரர், அதாவது மாஸ்டர். ஏழாம் வரிசை பாத்திரம் கழுவுவோர், இலை எடுப்போர். முதல் வரிசையிலேயே இருவரும் மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். காது வலித்தது. கீழிருந்து மேலே போவோம் என்றேன். ஏழாம் வரிசைக்குத் தனபாலன் ஒரு தொகை சொன்னார், சிங்காரவேலு தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. இப்படியும் உடன்பாடு வருகிறதே என்று இருவருக்கும் நன்றிகூடச் சொன்னேன்.

அந்த வரிசையில் "நாள் ஒன்றுக்கு" என்று அச்சடித்திருந்தது. "இந்த வேலைக்கு நாள்னு ஒண்ணு கிடையாதும்மா. முகூர்த்தம்தான் கணக்கு" என்றார் சிங்காரவேலு. கோப்பு எழுதுகிறவர்களுக்குக் களம் தெரிவதில்லை என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். "அப்ப முகூர்த்தம் ஒன்றுக்குன்னே மாத்திடுங்க" என்று இருதயராஜிடம் நானே சொன்னேன். உடனே மாற்றினார்கள். என் யோசனை ஒன்று முதல் நாளே ஏற்கப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மோட்டார் ஓடலை வல்லி, தண்ணி பாத்து செலவு பண்ணு" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

மோட்டார்காரர் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அடுத்த கூட்டத்துக்குத் தேதி வைப்பதற்காகவே இன்று ஒரு கூட்டம். இந்த நாட்டில் வேறெங்கும் ஓர் அரசுக் குழு தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துத் தேதி முடிவு செய்திருக்காது. மேசை மேல் பஞ்சாங்கம். முகூர்த்த நாள் என்றால் இருவருக்கும் வேலை, முந்தின நாள் என்றால் மார்க்கெட், அஷ்டமி நவமி என்றால் தனபாலன் புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார். இதெல்லாம் போக மிஞ்சியது செவ்வாய்க்கிழமை. நல்ல காரியம் யாரும் வைக்காத நாள், கூலி நிர்ணயிக்க மட்டும் பொருத்தம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஐந்து ரூபாய்க்காக ஒரு மதியம் முழுக்கச் சண்டை. மூன்றாம் வரிசை, பலகாரம் போடுகிறவர். இருதயராஜ் சமோசா வரவழைத்ததால் இடைவேளை கிடைத்தது.

எனக்கு எரிச்சல் சண்டையில் இல்லை, சண்டை போடும் முறையில். தனபாலன் வேண்டுமென்றே பாதாளத்தில் ஒரு தொகை சொல்வார், சிங்காரவேலு வேண்டுமென்றே ஆகாயத்தில் ஒன்று சொல்வார். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் நடுவில் வெட்டித் தருவேன் என்று. ஒரு குடும்பம் அரிசி பருப்பு எண்ணெய், வாடகை, துணிமணி, பள்ளிக்கூடம் என்று வாழ எவ்வளவு வேண்டும், அங்கிருந்துதான் கூலியைத் தொடங்க வேண்டும் என்றேன். அதற்கென்று காந்தி மார்க்கெட்டில் வெயிலில் அலைந்து விலை எழுதிக்கொண்டு போயிருந்தேன். தனபாலன் அந்தத் தாளின் மேல் சமோசாவை வைத்தார்.

இடைவேளையில் வராந்தாவில் கேட்டது இன்னும் அழகு. உள்ளே கழுத்தைப் பிடிக்காத குறையாக நின்றவர்கள், வெளியே ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தனபாலன் மகள் கல்யாணத்துக்கு அவியலா கூட்டா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலுதான் சமையலாம்.

"நீங்க ரெண்டு பேரும் நிஜமாவே சண்டைதான் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"தொழில் வேற, பழக்கம் வேறம்மா" என்றார் சிங்காரவேலு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பிப்ரவரி 21, வெள்ளி

மோட்டார்காரர் வந்தார். பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 4, செவ்வாய்

ஆறு வரிசை முடிந்தது. முதல் வரிசை மட்டும் பாக்கி. குழுவின் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று இருதயராஜ் நினைவூட்டினார். மூவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டால் அறிக்கை நேராகச் சென்னைக்குப் போய் ஆணையாகிவிடுமாம். ஒருவர் மாற்றுக் கருத்து எழுதினாலும் கோப்பு திரும்பி வரும், புதிதாகக் குழு போட வேண்டும். "போன குழு கோப்பு ஒண்ணு அப்படித்தான் மேடம், இன்னும் அலமாரியிலதான் இருக்கு" என்றார்.

தனபாலன் மஞ்சள் தடவிய பத்திரிகை கொடுத்தார். ஞாயிறு மாலை வரவேற்பு, திங்கள் காலை முகூர்த்தம். குழு நடக்கும்போது ஒரு தரப்பின் வீட்டில் போய்ச் சாப்பிடுவது முறையா என்று யோசித்தேன். "நீ சாப்பிடுறதால அந்தாளு சொத்து குறையாது, வல்லி" என்றார் இவர். இவருக்கு ஜாங்கிரி மேல் கண்.

மார்ச் 9, ஞாயிறு

வரவேற்பு. சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கை கழுவப் போனபோது குழாயடிக்குப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. பின்கட்டில் மலையாகப் பாத்திரம். பச்சைச் சேலையை முழங்கால்வரை சொருகிக்கொண்டு ஒரு பெண் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "வழுக்கும்மா, இங்குட்டு வராதீங்க" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

கோபத்தோடு எழுதுகிறேன். யார் மேல் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

காலையில் முகூர்த்தத்துக்குப் போனோம். டிபன் பந்தியில் இலை எடுக்க வந்தவள் நேற்றைய பெண். அதே பச்சைச் சேலை, பாதி நனைந்து பாதி காய்ந்து.

"நேத்து ராத்திரி வீட்டுக்குப் போகலியா?"

"எங்கம்மா போறது. கழுவி முடிக்கவே கடைசி பஸ்ஸு போயிருச்சு. சாப்பாட்டு மேசை மேலயே படுத்துக்குவோம். விடிய மின்ன காபிப் பாத்திரம் வந்துரும்."

"அப்ப ரெண்டு நாள் கூலி தருவாங்க, இல்லையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நக்கல்கூட இல்லை. "ஒரு முகூர்த்தந்தானம்மா இது. இன்னும் முடியவே இல்லியே, மத்தியானப் பந்தி இருக்கே."

கையில் பிடித்திருந்த காபி ஆறிப்போயிற்று. முகூர்த்தம் என்பது முந்தின நாள் மாலை தொடங்கி மறுநாள் மாலை முடிகிற ஒன்று என்பது பிறந்ததிலிருந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிடும் எனக்குத் தெரியாதா? தெரியும். சாப்பிடுகிறவளாகத் தெரியும்.

அவள் தயங்கி நின்று, "ஒரு போன் போட்டுக்கலாமாம்மா, என்னுதுல காசு இல்ல" என்றாள். கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்குப் பேசினாள். "மலருக்கா, பவுனு பேசறேன். புள்ள எந்திரிச்சுட்டாளா? ராத்திரி அழுதாளா? ... சரி. நேரமாயிரும், ரெட்டைச் சடை போட்டு அனுப்பிரு அக்கா. ஒத்தைச் சடைன்னா டீச்சர் திட்டும்." போனை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

தாம்பூலம் வாங்கப் போனபோது தனபாலன் என்னிடம் தனியாகப் புலம்பினார். "பாருங்க மேடம், உங்க தொழிலாளர் தலைவரை. நேத்து ஒரு நாள், இன்னிக்கு ஒரு நாள்னு தனக்கு ரெண்டு நாள் கூலி எழுதியிருக்காரு. எங்க வீட்டுக் கல்யாணத்துலயே."

மாஸ்டருக்கு இரண்டு நாள், பவுனுக்கு ஒரு முகூர்த்தம். ஆறு வரிசையில் "நாள்", ஏழாவதில் மட்டும் "முகூர்த்தம்". அதை மாற்றச் சொன்ன மேதாவி யார்? கோபம் யார் மேல் என்று இப்போது எழுதிவிடலாம்.

இவர் ஜாங்கிரி நன்றாக இருந்தது என்றார். 

மார்ச் 11, செவ்வாய்

இருதயராஜிடம் போய் ஏழாம் வரிசையைத் திறக்க வேண்டும் என்றேன். முகம் வெளுத்தது.

"முடிஞ்ச வரிசை மேடம். ஒருமனதா."

"தப்பா முடிஞ்சிருக்கு. நான்தான் காரணம்."

"நீங்க மாற்றுக் கருத்து எழுதுனா கோப்பு நின்னுடும். அந்தப் பொம்பளைங்களுக்கு இப்ப ஏத்துன கொஞ்சமும் கிடைக்காது. பாத்துக்கலாம் மேடம், அடுத்த குழுவுல."

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். எழுதினால் பவுனுக்கு உயர்வே இல்லை. எழுதாவிட்டால் பாதிக் கூலிக்கு அரசாங்க முத்திரை, அதன் கீழே என் கையெழுத்து.

மார்ச் 15, சனி

சிங்காரவேலு வீட்டுக்கே வந்துவிட்டார், ஒரு டப்பா மைசூர்பாகோடு. டப்பாவை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். இவருக்கு வருத்தம்.

"பவுனுகிட்ட என்னமோ விசாரிச்சீங்களாம்."

"விசாரிச்சேன். உங்க சங்கத்துல அவங்க உறுப்பினர்தானே?"

"அதுங்களாவது, சங்கத்துல இருக்கறதாவது. நான் கூட்டிட்டு வர்ற ஆளுங்கம்மா. மொத்தமாப் பேசி வாங்கறேன், அதுலேர்ந்து அதுங்களுக்கு நான் குடுக்கறேன்."

அவ்வளவு இயல்பாகச் சொன்னார். தொழிலாளர் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்திருப்பவர்தான் ஏழாம் வரிசைக்கு முதலாளி. தனபாலனுக்கு அந்த வரிசையில் ஒரு பைசா செலவில்லை, சிங்காரவேலுவுக்கு அதில் ஏறுவதெல்லாம் செலவு. பிறகு எப்படிச் சண்டை வரும்? இரண்டு பக்கமும் சேராதவள் என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது, அதற்கு நாற்காலியே போடவில்லை என்பது இந்த மரமண்டைக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் உறைத்தது.

"நானும் அண்டா கழுவி மேல வந்தவன்தாம்மா" என்றார் கிளம்பும்போது. அது உண்மையாகவே இருக்கலாம். அதனால்தான் எரிச்சல் கூடுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

அன்று என் போனிலிருந்து அழைத்த, தன் பக்கத்து வீட்டு மலரின் எண்ணிலிருந்து பவுனு கூப்பிட்டாள். நாளைய முகூர்த்தத்துக்கு அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா. நீங்க கேட்டீங்க, சொன்னேன். தயவு பண்ணி எம் பேரை எதுலயும் எழுதிறாதீங்க. சித்திரைதான் எனக்குச் சீசன். அதுல விட்டா ஆடிக்கு அரிசி இல்ல."

எழுதவில்லை, எழுதமாட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய் அழுதேன். குழாயில் தண்ணீரும் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மோட்டாரை இவரே பிரித்துச் சரிசெய்துவிட்டார். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் இருந்தவர். முதல் நாளே செய்திருக்கலாமே என்றேன்.

"எனக்கு என்ன, ரிட்டயர் ஆன ஆளு, அவன் வேலையில தலையிடக் கூடாதுன்னு பாத்தேன்" என்றார். பிறகு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "எங்க ஷெட்டுல ஓவர்டைம் தகராறு வரும்போது யூனியன்காரன் மேனேஜர்கிட்ட கெஞ்ச மாட்டான். உன் டூட்டியும் இதே கணக்குல போடட்டுமான்னு கேப்பான்" என்றார்.

இந்த மனிதருடன் நாற்பது வருடம் வாழ்கிறேன். ஒரு விஷயத்தைக் கேட்டவுடனே சொல்லமாட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிக் கூட்டம். வரிவரியாக எழுதி வைக்கிறேன்.

முதல் வரிசையை மதியத்துக்குள் முடித்தார்கள். இருதயராஜ் அறிக்கையை என் பக்கம் தள்ளி, பேனாவையும் திறந்து கொடுத்தார்.

"ஏழாம் வரிசைத் தொகையை நான் ஒரு ரூபாய்கூட ஏத்தச் சொல்லலை" என்றேன். மூவர் முகத்திலும் நிம்மதி. "ஒரே ஒரு திருத்தம். ஒரே அட்டவணையில ஒரு இடத்துல நாள், ஒரு இடத்துல முகூர்த்தம்னு இருக்கு. சென்னையில கேள்வி கேப்பாங்க. எல்லாம் ஒரே அளவா இருக்கட்டும். மாஸ்டர்லேர்ந்து இலை எடுக்கறவங்க வரைக்கும், எல்லாருக்கும் முகூர்த்தம் ஒன்றுக்குன்னு போட்டுடலாம்."

தனபாலன் நாற்காலியில் நிமிர்ந்தார். மகள் கல்யாணக் கணக்கு இன்னும் ஆறவில்லை போல. "மேடம் சொல்றது நியாயம். எனக்கு முழுச் சம்மதம். எழுதுங்க சார்."

சிங்காரவேலு எழுந்தே விட்டார். "அதெப்படிம்மா? மாஸ்டருக்கு எப்படி முகூர்த்தக் கணக்கு?"

"உங்க தொழில்ல நாள்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"முந்தின நாள் மத்தியானமே அடுப்பு பத்த வைக்கறோம். ராவெல்லாம் நெருப்புல நிக்கறோம். மறுநாள் சாயங்காலம் கடைசி அண்டாவைக் கழுவி வண்டியில ஏத்தற வரைக்கும் மண்டபத்தை விட்டு நகர முடியாது. அது ஒரு நாளா? எந்த ஊர்லம்மா அது ஒரு நாளு?"

"செயலர், மாஸ்டர் சொன்னதை அப்படியே குறிப்புல எழுதிக்குங்க" என்றேன். இருதயராஜ் எழுதினார். எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அந்தக் கடைசி அண்டாவைக் கழுவறது யாரு மாஸ்டர்?"

  சிங்காரவேலு உட்கார்ந்தார். என் மேல் எவ்வளவு ஆத்திரம் என்று அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. எனக்கு வெற்றி பெற்றது போலவே இல்லை. 

"நாள்னே போட்டுக்கங்க" என்றார் கடைசியில். "ஏழு வரிசைக்கும்."

முந்தின நாள் வேலையும் முகூர்த்த நாள் வேலையும் தனித்தனி நாள் என்று கீழே ஒரு விளக்கமும் சேர்த்தோம். தனபாலன் அலுத்துக்கொண்டே கையெழுத்திட்டார், தன் ஆதாயம் கை நழுவிய வருத்தத்தில். மூன்று கையெழுத்து, ஒருமனதாக. நான் எந்த ஊழியரின் பெயரையும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பவுனு பேசினாள். சித்திரை முகூர்த்தங்கள் நெருங்கவும் ஆள் கிடைக்காமல் மாஸ்டர் அவளை மறுபடி கூப்பிட்டுவிட்டாராம். நான் ஏதோ செய்து கெடுத்து, அது தானாகச் சரியானதாக அவள் நினைக்கிறாள். இருக்கட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

கூலி ஆணையின் வரைவு வெளியாகிவிட்டது. ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுதலாம். நாங்கள் ஆலோசனைதான் சொல்லலாம், அரசு விரும்பினால் கேட்கும். என் சந்தை விலைத் தாளை இணைப்பாக வைத்திருக்கிறார்கள், சமோசா எண்ணெய்க் கறையோடு.

ஜூலை 31, வியாழன்

இறுதி ஆணை. ஏழாம் வரிசையும் விளக்கமும் அப்படியே இருக்கின்றன. நம்பாமல் இரண்டு முறை படித்தேன். இருதயராஜ் போன் செய்து, "பாத்தீங்களா மேடம், பாத்துக்கலாம்னு சொன்னேன்ல" என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தோழி மகன் வரவேற்பு. சமையல் சிங்காரவேலு. சாப்பிடுவதற்கு முன்பே பின்கட்டுக்குப் போனேன். அண்டாவுக்குள் வேறொரு பெண். பவுனு எங்கே என்றேன். "அவுங்க காலையிலதான் வருவாங்க" என்றாள். மாஸ்டர் வேலையை எப்படிப் பிரித்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. மாலைக்குச் சில பெண்கள், காலைக்கு வேறு சில பெண்கள். ஒருத்திக்கும் இரண்டு நாள் கூலி கிடையாது. சட்டப்படி சரி. ஒரு வரியை அடைத்தால் பக்கத்திலேயே ஒரு சந்து திறக்கிறார்கள். 

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் போனேன். பவுனு இலை எடுத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கிறவள் போலத்தான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மின்னாடி முழு முகூர்த்தத்துக்கும் குடுத்ததைவிட இந்தக் காலை வேலைக்குக் கொஞ்சம் கூடத்தாம்மா வருது" என்றாள். "ரெண்டு நாளுன்னா டபுளா வரும்னு மலருக்கா சொன்னுச்சு. எங்க வந்துச்சு."

நான் எழுதியதையும், நினைத்ததையும், நடந்ததையும் அவளிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல், கைப்பையில் இருந்த போனை எடுத்து நீட்டினேன்.

"வீட்டுக்குப் பேசணுமா? பொண்ணு பள்ளிக்கூடம் கிளம்பற நேரமாச்சே."

பவுனு கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"எதுக்கும்மா? ராத்திரி என் கூடத்தான படுத்திருந்தா. நானே சடை போட்டு மலருக்கா வீட்டுல விட்டுட்டுத்தான் வந்தேன்."

அடுத்த பந்திக்கு ஆள் உட்கார ஆரம்பித்தார்கள். அவள் போய்விட்டாள்.